நாலு நாளில் மலர்ப் பள்ளத்தாக்கு: டெல்லியிலிருந்து போய் வர முடியுமா?

கேள்வி: மயூர் விஹார் வாசகி, 2025 ஜூன் 21

ஆகஸ்ட் 15 இந்த வருஷம் வெள்ளிக்கிழமை. வியாழக்கிழமை ஒரு நாள் லீவு போட்டால் சேர்ந்தாற்போல் நாலு நாள் கிடைக்கும். அதற்குள் உத்தராகண்ட் மலர்ப் பள்ளத்தாக்குக்குப் போய்விட்டு வரலாம் என்று ஆபீஸில் அடித்துச் சொல்கிறார்கள். நான், கணவர், எட்டாவது படிக்கும் பையன், 68 வயது மாமியார். மாமியாருக்கு முட்டி வலி உண்டு, ஆனால் ஆர்.கே. புரம் மலை மந்திர் படியெல்லாம் ஏறிவிடுவார். போய் வந்தவர்கள் யாராவது சொல்லுங்களேன்.

பதில்: ஜூன் 21, இரவு

நாலு நாளில் முடியாது. நாலில் மூன்று நாள் வண்டியிலேயே போய்விடும்.

கணக்கு இதுதான். காஷ்மீரி கேட்டில் ராத்திரி பஸ் ஏறினால் விடியற்காலை ரிஷிகேஷ். அங்கிருந்து ஜோஷிமட் சுமார் 250 கிலோமீட்டர். மலை ரோட்டில் அதற்குப் பத்து மணி நேரம் ஆகும், அதுவும் வழியில் எங்கேயும் மண் சரியாமல் இருந்தால். மறுநாள் ஜோஷிமட்டிலிருந்து கோவிந்த்காட் 20 கிலோமீட்டர். அங்கே ஜீப் மாறி புல்னா. புல்னாவிலிருந்து ஒன்பது, பத்து கிலோமீட்டர் நடை. கங்கரியா போய்ச் சேரும்போது சாயங்காலமாகிவிடும். இதுவரை பூ ஒன்றும் பார்த்திருக்க மாட்டீர்கள். பள்ளத்தாக்குக்குள் கால் வைப்பது அதற்கு மறுநாள் காலையில்தான். அப்புறம் இதே வழியாகத் திரும்ப வேண்டும்.

ஏழு நாள் ஒதுக்குங்கள். எட்டு கிடைத்தால் நிம்மதி.

நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். 2011 ஆகஸ்ட் கடைசி வாரம் அம்மாவோடு, 2024 ஆகஸ்டில் மகளோடு. இரண்டு பயணத்துக்கும் நடுவில் அந்த மலையே மாறிவிட்டது. அதைத் தனியாக எழுதுகிறேன்.

ஜூன் 22

மாமியார் விஷயம். நேற்று "அவரைக் கூட்டிப் போக வேண்டாம்" என்று ஒரு வரி எழுதி, அனுப்புவதற்கு முன் அழித்தேன். 2011இல் என் அம்மாவுக்கு 64. அவளையும் எல்லாரும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள்.

அப்போது புல்னா வரை ஜீப் ரோடு கிடையாது. கோவிந்த்காட்டிலிருந்தே 13 கிலோமீட்டர் ஏறணும். அம்மா குதிரையில் வந்தாள். அங்கே எல்லாரும் கோடா என்றுதான் சொல்வார்கள், ஆனால் பெரும்பாலும் கோவேறு கழுதை. ஏறும்போது கஷ்டமில்லை, முன்பக்கம் கொஞ்சம் சாய்ந்து உட்கார்ந்தால் போதும். இறங்கும்போது அதில் உட்காராதீர்கள். ஒவ்வொரு கல்படிக்கும் அது முன்னங்காலை வைக்கிறபோது நம் இடுப்பில் வந்து இடிக்கும். முட்டி வலிக்காரர்கள் மெதுவாக, கோல் ஊன்றி, ஒரு நாள் முழுக்க எடுத்துக்கொண்டு நடந்தே இறங்குவது நல்லது.

கங்கரியாவுக்கு மேலே பள்ளத்தாக்குக்குள் குதிரை கிடையாது. தேசியப் பூங்காவுக்குள் கால்நடைகளை விடுவதில்லை. நடக்கணும், இல்லையென்றால் கண்டி. கண்டி என்பது பிரம்புக் கூடை. ஒரு பக்கத்தை வெட்டி உட்கார இடம் பண்ணியிருப்பார்கள். தூக்குபவர் அதை முதுகில் மாட்டிக்கொண்டு நடப்பார், உட்கார்ந்திருப்பவர் பின்பக்கம் பார்த்தபடி போவார்.

அம்மா கூடையைப் பார்த்ததும் நின்றுவிட்டாள். "மனுஷன் முதுகில ஏறி நான் பூப் பார்க்கணுமா? வேண்டாம்டா, இங்கேயே உட்கார்ந்திருக்கேன்." அரை மணி நேரம் இதே பேச்சு. கடைசியில் கூடை தூக்க வந்த நேபாளிக்காரர் அவளிடமே சொன்னார்: "மாதாஜி, நீங்கள் ஏறவில்லை என்றால் எனக்கு இன்றைக்குக் கூலி இல்லை." அம்மா ஏறினாள். ஆனால் தரை கொஞ்சம் சமமாக வந்த இடத்திலெல்லாம் அவரை நிறுத்தி, இறங்கி, நடந்தாள். மூச்சு வாங்கினால் மறுபடி ஏறுவாள். அன்றைக்கு முழுக்க இப்படித்தான். கூலியில் ஒரு ரூபாய் குறைக்க என்னை விடவில்லை, மேலே நூறு கொடுக்க வைத்தாள்.

அது சரியா தப்பா என்று இன்னமும் எனக்கு முடிவு தெரியவில்லை. உங்கள் மாமியார் என்ன சொல்வார் என்பதை இங்கேயே கேட்டுவிடுங்கள். கங்கரியா முச்சந்தியில் நின்று முடிவு பண்ண வேண்டாம்.

ஜூன் 24

பையன் என்ன எதிர்பார்த்து வருகிறான் என்று முன்கூட்டியே பேசிவைத்துவிடுங்கள். செல்போனில் சுற்றுகிற படங்களைப் பார்த்தால் மலை முழுக்க ஜமக்காளம் விரித்தமாதிரி இருக்கும். நேரில் அப்படி இல்லை. பாதி நேரம் பனிமூட்டம். பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியாது. மூட்டம் விலகினால் எதிர்ச்சுவரில் அருவிகளும் அதற்கு மேல் பனிமலையும் தெரியும், கீழே புஷ்பாவதி ஆறு ஓடும். ஆனால் பூவைப் பார்க்க நீங்கள் குனிய வேண்டும்.

ஆகஸ்ட் நடுவில் போனால் அதிகம் கண்ணில் படுவது இளஞ்சிவப்பு. இம்பேஷன்ஸ் வகை, நம் காசித்தும்பையின் சொந்தம். நம் வீட்டுத் தொட்டியில் முழங்கால் உயரம் வருவது அங்கே இடுப்புக்கு மேல் நிற்கிறது, சில இடத்தில் ஆள் உயரம். வழியே தெரியாது, விலக்கிக்கொண்டு நடக்கணும். தோள் நனையும்.

2011இல் நான் "என்னம்மா பூ இது" என்று கேட்டுக்கொண்டு படம் எடுக்கிறேன். அம்மா பூவைப் பார்க்கவில்லை. இலைக்கு அடியில் விரலை விட்டுத் துழாவி, பச்சையாக, கொஞ்சம் உப்பின ஒரு காயைக் கண்டுபிடித்தாள். விரல் நுனியால் லேசாக அழுத்தினாள். பட்டென்று வெடித்தது. தோல் ஐந்தாகப் பிளந்து உள்பக்கமாகச் சுருண்டு அவள் விரலைக் கவ்விக்கொண்டது. விதை ஒன்று என் கன்னத்தில் தெறித்தது. "காசித்தும்பைதான்" என்றாள். மன்னார்குடி வீட்டுக் கொல்லையில் ஐந்து வயதில் வெடித்துப் பார்த்த காயாம். அடுத்த கால் மணி நேரம் அவளை அந்த இடத்தை விட்டு நகர்த்த முடியவில்லை. கண்டிக்காரரும் சேர்ந்து வெடித்தார்.

நீலப் பாப்பி வேண்டுமென்றால் ஜூலையில் போங்கள். பாறை இடுக்கில் தனித்தனியாக நிற்கும். தண்டெல்லாம் முள், இதழ் மட்டும் கசங்கின பட்டு மாதிரி.

பூங்கா ஜூன் 1 முதல் அக்டோபர் 31 வரை திறந்திருக்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைதான் பூ. ஆடு மாடு மேய்ந்து அழிந்துகொண்டிருந்த இடத்தை 1982இல் தேசியப் பூங்கா ஆக்கிக் காப்பாற்றினார்கள். 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலிலும் சேர்ந்தது. 87.5 சதுர கிலோமீட்டர். நாம் நடப்பது அதில் ஒரு கீற்று.

ஜூன் 25

மேலே எழுதியதை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். அவளுக்கு இப்போது 78. இரண்டு திருத்தம் சொன்னாள். வீடு மன்னார்குடி இல்லையாம், பக்கத்துக் கிராமமாம். ஐந்து வயதில் மன்னார்குடிக்கு வரவே இல்லையாம். இரண்டாவது, மேலே கொடுத்தது நூறு இல்லை, இருநூறு. "நூறுன்னு எழுதாதே, அந்த மனுஷன் படிச்சா என்ன நினைப்பான்" என்றாள்.

ஜூன் 25, மறுபடி

பிரம்மகமலம் பற்றி இருவர் தனிச்செய்தியில் கேட்டிருக்கிறார்கள். "எங்கள் பால்கனியிலேயே பூத்ததே, ராத்திரி பன்னிரண்டு மணிக்கு" என்று ஒருவர். அது வேறு. நம் ஊரில் பிரம்மகமலம் என்று சொல்லி, பூத்த ராத்திரி அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டுக் கற்பூரம் காட்டுகிறோமே, அது அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த கள்ளிச்செடி. இலையோரத்திலிருந்து வெள்ளைப் பூ தொங்கும்.

இமயமலைப் பிரம்மகமலம் சூரியகாந்திக் குடும்பம். வெளிர்மஞ்சளும் பச்சையுமாக, மெழுகுக் காகிதத்தைக் குவித்து வைத்தமாதிரி இருக்கும். உண்மையான பூ உள்ளே சின்னதாகக் கருஊதா நிறத்தில் ஒளிந்திருக்கும். பள்ளத்தாக்கின் நடைவழியில் அதை நான் பார்க்கவில்லை. கங்கரியாவுக்கு மேலே இருக்கிற சீக்கியர் தலமான ஹேம்குண்ட் சாஹிப் ஏறும் வழியில், கிட்டத்தட்ட 4,000 மீட்டருக்கு மேல், பாறைச் சரிவில் கும்பலாக நிற்கிறது. பறிக்கக் கூடாது.

ஜூன் 29

இதைத்தான் முதலிலேயே எழுதியிருக்கணும். ஜோஷிமட்டைப் படுத்து எழுந்து ஓடுகிற ஊராக வைத்துக்கொள்ளாதீர்கள். போகும்போது ஒரு ராத்திரி, வரும்போது ஒரு ராத்திரி, முடிந்தால் ஒரு பகல் முழுசாக.

2011இல் அம்மா என்னோடு வந்ததே பூவுக்காக இல்லை. திருப்பிரிதிக்காக. நூற்றெட்டுத் திவ்ய தேசத்தில் ஒன்று. திருமங்கையாழ்வார் பத்துப் பாசுரம் பாடியிருக்கிறார். பெருமாள் பரமபுருஷன், தாயார் பரிமளவல்லி. அது ஜோஷிமட் என்றுதான் யாத்திரை போகிறவர்கள் எல்லாரும் சேவிக்கிறார்கள். டெல்லியில் முப்பது வருஷம் இருந்தும், பக்கத்தில் இருக்கிற மலைநாட்டுத் திவ்ய தேசங்களைச் சேவிக்கவில்லை என்று அவளுக்கு ஒரு குறை இருந்தது. வழியிலேயே தேவப்ரயாகை, அதுதான் கண்டமென்னும் கடிநகர். ஜோஷிமட்டுக்கு மேலே பத்ரி. மலர்ப் பள்ளத்தாக்கு நடுவில் நான் சேர்த்தது.

நரசிம்மர் கோயில் மேல் பஜாரிலிருந்து இறங்கினால் வரும். சின்ன சாளக்கிராம மூர்த்தி. பத்ரி நடை சாத்தின பிறகு, பனிக்காலத்தில் சங்கராச்சாரியார் பீடம் அங்கேதான் வந்து தங்குகிறது. அந்த நரசிம்மரின் இடது கை மணிக்கட்டு வருஷத்துக்கு வருஷம் மெலிந்துகொண்டே போகிறது என்று ஊரில் சொல்கிறார்கள். ஒருநாள் அது முறியும், அன்றைக்கு மலை மூடி பத்ரிக்கு வழி இல்லாமல் போகும், அப்புறம் தபோவனம் பக்கத்துப் பவிஷ்ய பத்ரியில்தான் சேவை. அர்ச்சகர் இதைச் சொன்னபோது 2011. அம்மா கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டாள். நான் கதை என்று கேட்டுக்கொண்டேன்.

2023 ஜனவரியில் ஜோஷிமட்டில் வீடு வீடாக விரிசல் விழுந்தது. எண்ணூறுக்கு மேற்பட்ட கட்டிடங்கள். தொலைக்காட்சியில் வந்த முதல் படத்திலேயே நாங்கள் நடந்த சந்தைத் தெருவை அடையாளம் தெரிந்தது. அம்மா மணிக்கட்டைப் பற்றிச் சொன்னாள், வேறொன்றும் சொல்லவில்லை. ஊர் உட்கார்ந்திருப்பது பழைய நிலச்சரிவு கொண்டு வந்து கொட்டின மண்ணிலும் கல்லிலும். 1976லேயே மிஸ்ரா கமிட்டி இதை எழுதியிருக்கிறது: பாறைகளைத் தோண்டாதே, வெடி வைக்காதே, கனமான கட்டிடம் கட்டாதே. அடுக்கு மாடி ஓட்டல்கள் எல்லாம் அதற்கு அப்புறம் வந்தவை. அங்கே வந்து தங்கின நாமும் அதற்குக் காரணம்.

2024இல் மகளோடு போனபோது நாங்கள் தங்கின அறையில், ஜன்னல் மூலையிலிருந்து தரை வரைக்கும் சிமென்ட் பூசின ஒரு கோடு. சுண்ணாம்பு அடித்தும் மறையவில்லை. வீட்டுக்காரர் காலையில் டீ கொண்டு வந்தவர், டம்ளரை வைத்துவிட்டு, கட்டைவிரலால் அந்தக் கோட்டின் மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை தடவிப் பார்த்துவிட்டுப் போனார். அடுத்த நாள் காலையும் அதையே செய்தார். மகள்தான் முதலில் கவனித்தாள். நான்கு வீடு தள்ளி ஒரு கதவில் சிவப்புப் பெயின்டில் பெருக்கல் குறி, பூட்டு, வாசலில் தக்காளிச் செடி காய்த்துக் கிடந்தது.

அங்கிருந்து ஔலிக்குப் போகும் ரோப்வேயையும் அந்த ஜனவரியில் நிறுத்திவிட்டார்கள். ஊருக்கு இப்போது அரசாங்கப் பெயர் ஜ்யோதிர்மட். பஸ்காரர்கள் இன்னும் ஜோஷிமட் என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

அப்படிப்பட்ட ஊரில் போய்த் தங்குவது சரியா என்று எனக்கும் தோன்றியது. அந்த வீட்டுக்காரரையே கேட்டேன். "நீங்கள் வராவிட்டால் விரிசல் மூடிவிடுமா? என் பெண்ணுக்குக் காலேஜ் ஃபீஸ் கட்டணும்" என்றார். பெரிய ஓட்டல் வேண்டாம், மாடி அதிகமில்லாத வீட்டில் தங்குங்கள். சாப்பாட்டையும் உள்ளூர்க் கடையில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 30

இரண்டு திருத்தம்.

ஒன்று, திருப்பிரிதி. அது ஜோஷிமட் இல்லை, மானசரோவர் பக்கம் என்று சொல்பவர்களும் உண்டு. அம்மாவிடம் கேட்டேன். "நான் சேவிச்சாச்சு" என்றாள்.

இன்னொன்று, ஜூன் 24இல் ஆடு மாடு மேய்ந்து அழிந்த இடம் என்று எழுதினேன். அதை அப்படியே விடக் கூடாது. பியூந்தார் கிராமத்துக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அங்கே ஆடு ஓட்டிக்கொண்டு போனவர்கள். 1983இலிருந்து மேய்ச்சலைத் தடுத்தார்கள். அதற்கப்புறம் பாலிகோனம் என்கிற உயரமான செடி பெருத்துவிட்டது. வெள்ளைப் பூ, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கும், ஆனால் அதன் நிழலில் சின்னப் பூச்செடிகள் எழுந்திருப்பதில்லை. மேய்ச்சல் நின்றதால்தான் இது வந்தது என்று ஒரு கட்சி, மண் சரிந்த இடங்களில் அது தானாகவே பரவும் என்று இன்னொரு கட்சி. வனத்துறை ஆட்களை வைத்து வருஷாவருஷம் பிடுங்குகிறது. 2024இல் வழியோரத்தில் பிடுங்கிப் போட்ட குவியல்களைப் பார்த்தோம்.

புல்னாவில் டீக்கடை வைத்திருக்கிற பெரியவர், அவருடைய அப்பாவோடு உள்ளே ஆடு மேய்த்தவர், "எங்கள் ஆடு எது தின்னும், எது தின்னாது என்று எங்களைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்போம்" என்றார். ஆடு மாட்டின் மேல் பழியைப் போட்டு ஒரு வரி எழுதியது என் தப்பு.

ஜூலை 3

கங்கரியாவில் ரூம் பதிவு பற்றி. 2011இல் டெல்லியிலேயே ஒரு ஏஜென்ட்டிடம் பணம் கட்டி, இரண்டு ராத்திரி உறுதி என்று சீட்டும் வாங்கிக்கொண்டு போனோம். பெயர் வேண்டாம். சாயங்காலம் ஆறு மணிக்கு மழையில் போய் நின்றால், அந்த ரூமில் வேறு குடும்பம். ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. ஊரில் வேறு ரூமும் இல்லை.

குருத்வாராவுக்குப் போனோம். ஒரு கேள்வி கேட்கவில்லை. ஹாலில் இடம், ஆளுக்கு மூன்று கம்பளி, எஃகு டம்ளரில் சூடாக டீ. ராத்திரி லங்கரில் ரொட்டியும் பருப்பும். அம்மா பையிலிருந்து நாரத்தங்காய் ஊறுகாய் டப்பாவை எடுத்தாள். பக்கத்தில் லூதியானாவிலிருந்து வந்த ஒரு பாட்டி, உள்ளங்கையை நீட்டி ஒரு துண்டு வாங்கி வாயில் போட்டு, முகத்தைச் சுளித்து, இன்னொரு துண்டு கேட்டார். "இது என்ன காய்?" என்றார். நாரத்தங்காய்க்கு இந்தியில் என்ன சொல்வது என்று அம்மாவுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. மறுநாள் காலை அந்தப் பாட்டி ஹேம்குண்ட் ஏறப் போகும்போது டப்பாவில் பாதியை அம்மா கட்டிக் கொடுத்தாள்.

கங்கரியா நிரந்தர ஊர் இல்லை. சுமார் 3,050 மீட்டர் உயரம். பனிக்காலத்தில் பூட்டிவிட்டு எல்லாரும் கீழே இறங்கிவிடுவார்கள். வெந்நீர் பக்கெட் கணக்கில் விலைக்கு வரும். கரன்ட் போகும். ரூமுக்கு முன்பணம் கட்டினால் நேரே அங்கேயே இருப்பவரிடம் கட்டுங்கள், முந்தின நாள் கூப்பிட்டு உறுதி பண்ணுங்கள்.

ஜூலை 4

தேதியைப் பார்த்ததும் ஞாபகம் வந்தது. ஜோன் மார்கரெட் லெக் இறந்தது 1939 ஜூலை 4. லண்டன் கியூ தாவரத் தோட்டத்துக்காகச் செடி சேகரிக்க வந்தவர். பள்ளத்தாக்கில் பாறையில் வழுக்கி விழுந்து இறந்தார், 54 வயது. அங்கேயே அடக்கம் பண்ணிவிட்டார்கள். உள்ளே நடந்து போனால் இடதுபக்கமோ வலதுபக்கமோ சரியாக ஞாபகமில்லை, ஒரு பலகை காட்டும். கல்லில், மலைகளை நோக்கிக் கண்களை உயர்த்துவதாகச் சொல்லும் பைபிள் சங்கீத வரி.

1931இல் ஃபிராங்க் ஸ்மைத் என்ற ஆங்கிலேயர் காமெட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்பும்போது இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கினார், 1937இல் மறுபடி வந்து தங்கிப் புத்தகம் எழுதினார். அதிலிருந்துதான் இந்தப் பெயர் உலகத்துக்குப் போனது. அவர் கண்டுபிடித்ததாக எழுதுகிறவர்கள் மேலே சொன்ன புல்னா டீக்கடைப் பெரியவரை நினைத்துக்கொள்ள வேண்டும்.

மகள் அந்தக் கல்லின் மேல் விழுந்திருந்த இலையை எடுத்துப் போட்டுவிட்டு, பக்கத்தில் சப்பணம் போட்டு உட்கார்ந்து எங்கள் தட்டையைச் சாப்பிட்டாள். மழை தூறிக்கொண்டிருந்தது. ஒரு நல்ல மத்தியானம் அது.

ஜூலை 12

மூணாறு குறிஞ்சியோடு ஒப்பிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார். ஒப்பிட முடியாது. நீலக்குறிஞ்சி ஒரே பூ, பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மலையையே மூடும். 2018இல் பூத்தது, அடுத்தது 2030. இங்கே வருஷாவருஷம், வாரத்துக்கு வாரம் வேறு வேறு பூ. ஒரே இடத்தில் பத்து நாள் கழித்துப் போனால் நிறம் மாறியிருக்கும்.

அதனால்தான் ஹேம்குண்டை விட்டுவிட்டு இரண்டு காலையையும் பள்ளத்தாக்குக்கே கொடுங்கள் என்று சொல்ல வந்தேன். 2024இல் முதல் நாள் பதினொரு மணி வரைக்கும் மூட்டம், அப்புறம் மழை. மகள் சோர்ந்துவிட்டாள். இரண்டாம் நாள் ஏழு மணிக்கு செக்போஸ்ட் திறந்ததும் உள்ளே போனோம், எட்டரைக்கு எல்லாம் விலகிவிட்டது. ஒரே நாள் போயிருந்தால் ஏமாந்து திரும்பியிருப்போம்.

ஜூலை 13

நேற்று சொன்னதில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். பையனும் கணவரும் ஹேம்குண்ட் ஏறட்டும். ஆறு கிலோமீட்டரில் 1,200 மீட்டருக்கு மேல் ஏற்றம். 4,300 மீட்டர் உயரத்தில் ஏரி, குருத்வாரா, பக்கத்திலேயே லக்ஷ்மணர் கோயில். மேலே யாரும் தங்க முடியாது, பிற்பகல் இரண்டு மணிக்குள் இறங்கச் சொல்லிவிடுவார்கள். எனக்கு மேலே போனதும் தலை விண் விண்ணென்று இடித்தது. லங்கரில் கொடுத்த கிச்சடியைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தேன். பரிமாறுகிற பையன் பார்த்துவிட்டு, "சாப்பிட வேண்டாம், இறங்குங்கள், இறங்கினால் சரியாகிவிடும்" என்றான். ஆயிரம் அடி இறங்கினதும் சரியாகிவிட்டது. தலைவலி வந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு மேலே உட்காராதீர்கள், கீழே இறங்குங்கள். மாமியாருக்கு ஹேம்குண்ட் வேண்டாம். இதில் எனக்கு இரண்டாவது எண்ணம் இல்லை.

ஜூலை 20

சாமான்: குடை உதவாது, முட்டிக்குக் கீழே வருகிற ரெயின்கோட். நல்ல பிடிப்புள்ள ஷூ. இரண்டு ஜோடி அதிகமாக சாக்ஸ். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி எடுத்துக்கொள்ளுங்கள், சாதம் மட்டும் கங்கரியாவில் கிடைக்கும். பணம் நோட்டாக. ரிஷிகேஷ் தாண்டுவதற்கு முன் யாத்திரைப் பதிவை முடித்துவிடுங்கள்.

ஜூலை 21

இரண்டு பயணத்துக்கும் நடுவில் மலை மாறிவிட்டது என்று முதலில் எழுதிவிட்டு அதை மறந்தேபோனேன்.

2013 ஜூன் வெள்ளம். கேதார்நாத் எல்லாருக்கும் தெரியும். அதே நாட்களில் கோவிந்த்காட்டில் வண்டி நிறுத்தும் இடமே வண்டிகளோடு போனது. பாலம் போனது. மேலே பியூந்தார் கிராமத்தை ஆறு எடுத்துக்கொண்டது. 2011இல் பியூந்தாரில் ஒரு வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மோர் குடித்தோம். 2024இல் அந்த இடத்தைத் தேடினேன். வெள்ளைக் கற்கள், ஒரு ஆள் உயரம், ஆற்றின் அகலம் முழுக்க. பழைய வழியும் இல்லை. இப்போது பியூந்தாரைத் தாண்டினதும் எதிர்க்கரைக்குப் போய்ச் செங்குத்தாக ஏறுகிறது. கடைசி மூன்று கிலோமீட்டர்தான் கஷ்டம், அதற்குத் தெம்பு மிச்சம் வையுங்கள்.

இந்த மார்ச்சில் மறுபடியும் மலை சரிந்து கோவிந்த்காட் பாலம் விழுந்தது. பெய்லி பாலம் என்கிற தற்காலிக இரும்புப் பாலம் போட்டு யாத்திரையைத் திறந்திருக்கிறார்கள்.

ஆகஸ்ட் 6

நேற்று தராலி கிராமத்தை மலையிலிருந்து வந்த வெள்ளமும் சேறும் அடித்துப் போனது. உத்தரகாசி மாவட்டம், நாம் பேசுகிற சமோலி இல்லை. ஆனாலும் அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டு இதை எழுதாமல் இருக்க முடியவில்லை. 15ஆம் தேதிப் பயணத்தைத் தள்ளிப்போடுங்கள். டிக்கெட் பணம் போனால் போகட்டும்.

ஏழு நாள் ஒதுக்குங்கள், ஆகஸ்ட் நடுவில் பூ நன்றாக இருக்கும் என்றெல்லாம் நான்தான் எழுதினேன். பூ வருவது மழையோடுதான், அந்த மழைக்கு ஜோஷிமட் ரோட்டில் அடிக்கடி மண் சரிகிற சிரோபகட்டும் பாகல் நாலாவும் தாங்குவதில்லை. வழக்கமான வருஷத்தில் அங்கே நாலு மணி நேரம் காத்திருந்தால் மண்ணை ஒதுக்கி வழி விட்டுவிடுவார்கள். இந்த வருஷம் வழக்கமானதாகத் தெரியவில்லை. 68 வயதுக்காரரையும் ஒரு குழந்தையையும் வைத்துக்கொண்டு வழியில் இரண்டு ராத்திரி மாட்டிக்கொள்ளும்படி ஆகக் கூடாது.

ஆகஸ்ட் 17

மயூர் விஹாரிலிருந்து பதில் வந்தது. ரத்து செய்துவிட்டார்கள். அடுத்த வருஷம் ஜூலை கடைசியில், எட்டு நாள் லீவோடு. ஆபீஸில் இப்போதே சொல்லி வைத்தாயிற்றாம்.

அவருடைய மாமியார் போன வாரம் என் அம்மாவிடம் பேசினார். முக்கால் மணி நேரம். பூவைப் பற்றி ஐந்து நிமிஷம், மிச்சமெல்லாம் திருப்பிரிதியும் கண்டமென்னும் கடிநகரும் முட்டிக்குத் தடவுகிற தைலமும். போனை வைத்துவிட்டு அம்மா என்னிடம் வந்தாள். "ஜோஷிமட் வரைக்கும் நானும் வரேன். நீங்கள்லாம் பூப் பார்க்கப் போயிட்டு வாங்கோ. நானும் அந்த மாமியும் நாலு நாள் நரசிம்மரோட இருக்கோம்."

எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. அதனால் இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன்: நரசிம்மர் கோயிலுக்குப் பக்கத்தில், படி ஏறாமல் உள்ளே போகிற மாதிரி, தரைத்தளத்தில், வீட்டுச் சாப்பாடு போடுகிற ரூமில் யாராவது தங்கியிருக்கிறீர்களா? இரண்டு பேர், நாலு ராத்திரி. வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைக்கச் சம்மதிக்கணும்.